புதுப்பிப்பு: 30 அடி டிரெய்லரின் வாலாட்டம் நின்றது

55 மைல் வேகத்தில் லாரி கடந்தாலே என் பிக்கப் இழுக்கும் டிரெய்லர் ஆடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "ஆட்டத்தடுப்புக் கம்பி வாங்கும் முன் டங் வெயிட்டை (டிரெய்லரின் முன்முனை ஹிட்ச், அதாவது வண்டியின் இணைப்பின் மேல் அழுத்தும் எடை) அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

டிரெய்லரின் மொத்த எடை 7,000 பவுண்டு. ஹிட்ச் பந்தில் இறங்கியதோ வெறும் 560, அதாவது 8%. குறைந்தது 10, அதிகபட்சம் 15% வேண்டும். அச்சுக்குப் பின்னால் இருந்த 40 கேலன் தண்ணீரை (சுமார் 330 பவுண்டு) வடித்து, பின் பம்பரில் தொங்கிய 130 பவுண்டு சைக்கிள்களைப் பிக்கப் தொட்டிக்கு மாற்றியதும் டங் வெயிட் 740 ஆனது. குறைந்துவிட்ட மொத்த எடையில் (6,540) இது 11 சதவீதத்துக்குச் சற்று மேல்.

பிறகு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் (டங் வெயிட்டின் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும் பகிரும் இணைப்பு) சங்கிலியில் ஒரு கண்ணி இறுக்கினேன். பிக்கப்பின் முன் ஃபெண்டர் தூக்கியிருந்த உயரத்தில் பாதி இறங்கியது. 65 மைலிலும் ஆட்டமில்லை.

எதிர்பாராதது பேலோடு, அதாவது பிக்கப் தன் மேல் சுமக்கக்கூடிய எடை. இழுவைத் திறன் தாராளம். ஆனால் கதவோர ஸ்டிக்கரில் 1,500 பவுண்டுதான். டங் வெயிட், ஹிட்ச் 100, சைக்கிள்கள் போக ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 530.