கோமாரிக்கு ஊசியா, கொன்று புதைப்பதா? அரசு எதை வைத்து முடிவெடுக்கிறது?

தொழுவம்:
வணக்கம். 2001-ல் பிரிட்டனில் கோமாரி (கால், வாய் நோய்) பரவியபோது 60 லட்சத்துக்கு மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். தடுப்பூசி இருந்தும் போடவில்லை. இங்கே அதே நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. ஆனால் பறவைக் காய்ச்சல் என்றால் நாமும் கோழிகளைக் கொன்றுவிடுகிறோம். மேலே உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள்? 'செலவு, பலன் கணக்கு' என்ற பாடப்புத்தகப் பதில் வேண்டாம்.

வரப்போரம்:
பிரிட்டன் முதலில் பார்த்தது ஏற்றுமதியை. உலக விலங்கு நலவாழ்வு அமைப்பு 'ஊசி போடாமலே கோமாரி இல்லாத நாடு' என்று ஒரு தகுதி தருகிறது. அது கையில் இருந்தால்தான் வசதியான நாடுகளின் இறைச்சிச் சந்தை தடையில்லாமல் திறக்கும். அன்றைய விதிப்படி, கொன்று ஒழித்தால் கடைசி நோய்க்குப் பின் 3 மாதத்தில் தகுதி திரும்பிவிடும். ஊசி போட்டு மாட்டை உயிரோடு விட்டால் 12 மாதம். இந்த 9 மாத இடைவெளிதான் அந்தச் சிதைகளை மூட்டியது. ஊசி போட்ட மாட்டின் பாலையும் கறியையும் கடைக்காரர்கள் வாங்குவார்களா என்ற பயம் வேறு. விவசாயிகள் சங்கமும் ஊசியை எதிர்த்தது.

கணக்கில் விடுபட்டது கிராமத்துச் சுற்றுலா. நடைபாதைகளை மூடியதும் விடுதிகள் படுத்துவிட்டன. மொத்த இழப்பு சுமார் 800 கோடி பவுண்டு. அதில் 500 கோடி தனியார் தலையில், பெரும்பாலும் சுற்றுலாவும் அதை நம்பிய தொழில்களும். முடிவெடுத்த மேசையில் கால்நடைத் துறை இருந்தது, விடுதிக்காரர் இல்லை. யாரை உட்கார வைக்கிறோமோ அவர்கள் நஷ்டம்தான் கணக்கில் ஏறும்.

இன்னொன்று, நோய் உறுதியானது பிப்ரவரி 20. கால்நடை நடமாட்டத்துக்கு நாடு தழுவிய தடை வந்தது 23. அதற்குள் சந்தைகள் வழியாக ஆடுகள் ஊர் ஊராகப் போய்விட்டன. செம்மறியில் கோமாரி லேசாகத்தான் தெரியும், லேசான நொண்டல், அவ்வளவே. பக்கத்துப் பண்ணைகளை 48 மணி நேரத்தில் அழி என்ற கடுமையெல்லாம் இந்தத் தாமதத்தின் வட்டிதான்.

குளிர்பெட்டி:
அந்த 12 மாத விதி 2002-ல் 6 மாதமாகக் குறைந்தது. காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. சுத்திகரித்த தடுப்பூசியில் வைரஸின் உறைப் புரதங்கள் மட்டுமே இருக்கும். வைரஸ் உடலுக்குள் பெருகும்போதுதான் வேறு சில புரதங்கள் உருவாகும். அவற்றுக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அந்த மாட்டுக்கு உண்மையில் நோய் தொற்றியிருக்கிறது, இல்லையென்றால் ஊசி மட்டும்தான். ஒரு பரிசோதனை வந்ததும் அதிகாரிகளின் தராசே சாய்ந்துவிட்டது.

இந்தியாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. நோய் நாடு முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. 2019 கணக்கெடுப்பில் மாடு 19 கோடிக்கு மேல், எருமை ஏறக்குறைய 11 கோடி. யாரைக் கொல்வது? பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டம் வேறு. எருமைக் கறி ஏற்றுமதிக்கும் நோயில்லாத தகுதி கட்டாயமில்லை: எலும்பும் நிணநீர்க் கட்டிகளும் நீக்கி, 24 மணி நேரம் பதப்படுத்தி, கறியின் அமிலத்தன்மை கூடி பி.எச். அளவு 6-க்குக் கீழே இறங்கினால் தசையில் வைரஸ் தாங்காது. ஆகவே நமக்கு ஊசிதான் வழி. 2019-ல் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோயான புருசெல்லோசிஸுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது இந்த அடிப்படையில்தான்.

ஆனால் ஊசி என்று முடிவெடுத்ததும் வேலை முடிந்துவிடாது. ஓ, ஏ, ஏசியா-1 என மூன்று வகை வைரஸுக்கும் சேர்த்த மருந்து. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள். பெட்டியில் ஐஸ் கட்டியோடு புட்டி நேரடியாக ஒட்டி உறைந்துபோனாலும் மருந்து பாழ், எண்ணெய்க் கலவை பிரிந்துவிடும். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. இந்த மறு ஊசியைத்தான் அதிகம் தவறவிடுவோம். தவறினால் அந்தக் கன்று பதிவேட்டில் மட்டும்தான் பாதுகாப்பாக இருக்கும். சினை மாடு, கறவை மாடு என்று வீட்டுக்காரர் மறுப்பது அடுத்த ஓட்டை: ஓரிரு நாள் பால் குறையும் என்பது உண்மை, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தகராறு குறையும்.

தொழுவம்:
நன்றி சார். அப்படியானால் கோழிக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?

எருமைக்கடா:
மூன்று விஷயம். பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 மனிதரையும் கொல்லும், எனவே சுகாதாரத் துறையின் குரல்தான் அங்கே ஓங்கும். ஊசி போட்ட கோழி நலமாகத் தெரிந்தபடியே வைரஸை வெளியே பரப்பலாம், சாவு எண்ணிக்கை என்ற எச்சரிக்கை மணி போய்விடும். மூன்றாவது, கறிக்கோழி 6 வாரத்தில் சந்தைக்கு வருவது. கூண்டை மறுபடி நிரப்பலாம். கறவை மாட்டை அப்படி நிரப்ப முடியாது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு ஊசி ஆரம்பித்தது, உடனே அமெரிக்கா பிரெஞ்சுக் கோழி வகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. வரப்போரம் சொன்ன அதே ஏற்றுமதிப் பேய்.

அழிப்பது என்றால் நிவாரணத் தொகைதான் உயிர்நாடி. சந்தை விலையைவிட ரொம்பக் குறைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோழி வண்டி ஏறிவிடும், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ. வட்டம் போட்டு அழித்து என்ன பயன்? அதிகம் கொடுத்தால் நோயை வரவழைப்பவர்களும் உண்டு. இங்கே அரசு கொல்லும் கோழிக்குத்தான் பணம், ஏற்கெனவே செத்ததற்கு இல்லை. சீக்கிரம் தகவல் சொல்ல வைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பணம் வர மாதக்கணக்கானால், அடுத்த முறை பண்ணைக்காரர் போன் போடுவது வியாபாரிக்குத்தான், கால்நடை மருத்துவருக்கு இல்லை.