பொத்தானின் நிழல் பி.டி.எஃப்.-இல் சாம்பல் கட்டமாகத் தெரிகிறது

கேள்வி (பாளையங்கோட்டை):
பத்தமடைப் பாய்களுக்கான மின்னணு விலைப்பட்டியல் ஒன்றை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். கோரைப்புல்லின் நெருக்கமான நெசவு தெரியும் படத்தையே பின்னணியாக்கி, அதன்மேல் ‘அளவுகள்’, ‘நிறங்கள்’ என்ற பொத்தான்களை வைத்து, அவற்றுக்கு டிராப் ஷேடோ (பின்னே விழும் நிழல்) கொடுத்திருக்கிறேன். இன்டிசைனில் இயல்பாகத் தெரியும் நிழல், இன்டராக்டிவ் (பொத்தான்கள் இயங்கும்) பி.டி.எஃப். ஆக்கியதும் பொத்தானைச் சுற்றிச் சாம்பல் கட்டமாகிவிடுகிறது. நிழலின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 75 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைத்தபோது கட்டம் மங்கியதே தவிர மறையவில்லை.

பதில் 1 (அம்பாசமுத்திரம்):
அச்சுக்கென அமைத்த கோப்பையே பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் எடிட் பட்டியலில் டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ் (நிழல் போன்றவை கலக்கும் நிற முறை) அச்சுக்கான சி.எம்.ஒய்.கே.-யில் இருக்கக்கூடும், அதைத் திரைக்கான ஆர்.ஜி.பி.-க்கு மாற்றிப் பாருங்கள்.

பதில் 2 (பேட்டை):
அண்ணாச்சி, அதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கட்டத்திற்குக் காரணம் வேறு என்றே நினைக்கிறேன். டிராப் ஷேடோ இயல்பாகவே மல்டிப்ளை (கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும்) முறையில் அமைவதால், கீழே உள்ள படத்தோடு கலந்தால்தான் அது நிழலாகத் தெரியும். பி.டி.எஃப்.-இலோ பொத்தான் என்பது பக்கத்தின் பகுதியன்று. தனக்கென ஒரு செவ்வகத்தோடு, பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலே தனியாக வைக்கப்படும் படிவப் புலம் அது. அந்தச் செவ்வகத்திற்குள் நிழலும் சேர்ந்துவிட்டால் கலப்பு கெடுகிறது. வெற்றுப் பின்னணியில் கண்ணுக்குப் படாத இக்குறை, பாய் நெசவின்மேல் பளிச்சென்று தெரியும்.

ஆகவே நிழலைப் பொத்தானிலிருந்து பிரித்துவிடுங்கள். பொத்தானை அதே இடத்தில் நகலெடுத்து, கீழுள்ள நகலை ஆப்ஜெக்ட் பட்டியலின் இன்டராக்டிவ் பிரிவில் உள்ள ‘கன்வர்ட் டு ஆப்ஜெக்ட்’ மூலம் சாதாரணப் பொருளாக்கி, நிழலை அதில் மட்டும் வைத்துக்கொண்டு, மேலுள்ள பொத்தானிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
ஆர்.ஜி.பி.-க்கு மாற்றியதில் நிறம் சற்றுத் தெளிந்தது, கட்டம் போகவில்லை. நிழலைப் பிரித்ததும் முற்றிலும் போய்விட்டது. இருவருக்கும் நன்றி. சுட்டியைக் கொண்டுசெல்லும்போது நிழல் ஆழமாக வேண்டுமென்றால் வழி உண்டா?

பதில் 2 (பேட்டை):
ரோல்ஓவர் (சுட்டி மேலே வரும்) நிலைக்கு நிழலைக் கொடுத்தால் பழைய கட்டம் திரும்பி வரும். பொத்தானின் நிறத்தை மட்டும் அந்நிலையில் அடர்த்தியாக்குங்கள். வாடிக்கையாளர்களில் பலர் கைப்பேசியில் திறப்பார்கள்; விரலால் தொடும் திரையில் ரோல்ஓவருக்கு வேலையே இல்லை.