எழுத்து தெரியும், ஆனால் வாசிக்க மாட்டேன் என்கிறாள்

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறாள். விளையாட்டாகச் செய்ய ஏதாவது சொல்லுங்களேன்.

பதில் 1:
முதலில் அந்த 247 எழுத்து அட்டவணையை மூடி வையுங்கள். துண்டுச் சீட்டில் 'மேசைக்கு அடியில் பார்' என்று எழுதிக் கொடுங்கள், அங்கே அடுத்த சீட்டு, இப்படி ஐந்தாறு, கடைசியில் ஒரு ஸ்டிக்கர். வாசிக்காமல் அடுத்த இடத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். மறுநாள் அவள் எழுதட்டும், நீங்கள் தேடுங்கள். என்னிடம் படிக்கும் பையன் 'கதவுக்குப் பினாடி' என்று எழுதினான். நான் திருத்தவில்லை, எழுதியிருந்தபடியே சத்தமாக வாசித்தேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவனே 'ன்' சேர்த்தான்.

பதில் 2:
குறில், நெடில் குழம்பினால் கைதட்டல்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு இல்லையா, அதே கணக்கில் 'படு'வில் ப-வுக்கு ஒரு தட்டு, 'பாடு'வில் பா-வுக்கு இரண்டு. அப்புறம் எழுதச் சொல்லுங்கள். சொல்வதெழுதுதல் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அது பரீட்சை மாதிரி ஆகிவிடும்.

கேட்டவர்:
சீட்டு வேட்டை நேற்றே செய்துவிட்டோம். முதல் சீட்டைத் தண்ணீர் பாட்டிலில்தான் ஒட்டி வைத்தேன்!