புதுப்பிப்பு: எட்டு மாதக் குழந்தைக்குத் தடிமன், இரவில் தூக்கமில்லை – இப்போது தூங்குகிறாள்

மூக்கடைப்பால் மகள் இரவெல்லாம் அழுகிறாள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மிகவும் நன்றி.

பலன் தந்தது, தாதியாக வேலை செய்யும் அக்கா சொன்ன உப்புநீர்ச் சொட்டுதான். திருகோணமலை டவுன் பாமசியிலேயே 0.9% சேலைன் மூக்குச் சொட்டு கிடைத்தது. பால் கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு பக்கமும் விட்டு, இளகி வந்த சளியைத் துடைத்தேன். மூக்குத் திறந்ததும் பாலை இழுத்துக் குடித்தாள். வயிறு நிறைந்தது, அப்புறம் தூக்கமும் வந்தது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்ததும் உதவியது.

எதிர்பாராதது நுளம்புத்திரி. மாரி மழையில் நுளம்புத் தொல்லை அதிகம் என்று அறையில் கொளுத்துவோம். அதை விட்டு வலை கட்டிய பிறகு இரவு இருமலும் குறைந்துவிட்டது. புகை பற்றி எழுதிய அண்ணாவுக்குத் தனி நன்றி.

தலையணை வைத்துத் தலையை உயர்த்தும் யோசனையை மட்டும் எடுக்கவில்லை. இந்த வயதில் மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு. சமமான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்க வைத்தேன். ஒரு வயது வரை தேனும் கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.