ஜப்பான் மட்டும் எப்படி முந்திக்கிச்சு? விவசாயி பக்கம் என்ன நடந்தது?

கேள்வி: சேலத்து_மாணவன்

எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். 1868-ல் மெய்ஜி பேரரசர் பேர்ல புது ஆட்சி வந்ததும் ஜப்பான் தொழில்மயமாச்சுன்னு பாடத்துல இருக்கு. அரசு ஆலை கட்டுச்சு, வெளிநாட்டு நிபுணர்களைக் கூப்பிட்டுச்சு, அதோட முடிஞ்சுது. ஆனா அப்போ அங்க பெரும்பாலானவங்க விவசாயிகள்தானே? அவங்க வாழ்க்கையில என்ன மாறிச்சு? அரசுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு?

பதில்: பழைய_வாத்தியார்

பணம் நிலவரியிலிருந்து வந்தது. அதுவரை விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாக அளந்தார்கள். 1873 சீர்திருத்தம் நிலத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதில் 3 சதவீதத்தை ரொக்கமாகக் கட்டச் சொன்னது. மழை பொய்த்தாலும் அதே தொகை. 1876-ல் விவசாயிகள் பல இடங்களில் கொதித்தெழ, மறுவருஷம் 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

பதில்: தருமபுரி_பட்டுநூல்

வாத்தியார் சொன்ன 'ரொக்கம்'ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்குங்க தம்பி. ரொக்கத்துக்கு விவசாயி எங்க போவான்? மலைப்பக்கம் இருந்தவங்களுக்குக் கையில கிடைச்சது பட்டுக்கூடு. நான் பட்டுநூல் எடுக்கிற தொழில்ல இருக்கேன், அதனால இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

யோகோஹாமா துறைமுகம் 1859-ல் திறந்தப்போ ஐரோப்பாவுல பட்டுப்புழுவுக்கு நோய் வந்து கூடு இல்லாம தவிச்சாங்க. வந்த அதிர்ஷ்டம்தான் அது. ஆனா வாங்கினவன் நூல் சீரா இல்லைன்னு குறை சொல்ல ஆரம்பிச்சான். எங்க தொட்டிகிட்ட நின்னு பார்த்தா அது ஏன்னு புரியும். கூட்டைக் கொதிநீர்ல போட்டுக் கிளறினா நூல்முனை மேல வரும். ஏழெட்டு முனையைச் சேர்த்தாத்தான் ஒரு இழை. ஒரு கூடு தீர்ந்த நொடி அடுத்ததைச் சேர்க்கணும். கொஞ்சம் அசந்தா இழை மெலிஞ்சிடும், தறியில அறுந்துடும். வெந்து வெளுத்த விரலுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அதுக்காகத்தான் 1872-ல் தொமியோகாங்கிற ஊர்ல பிரெஞ்சுக்காரர் போல் ப்ரூனாவை வச்சு 300 தொட்டியோட அரசு ஆலை கட்டுச்சு. வேலைக்குப் பொண்ணுங்க வரலை. வெள்ளைக்காரன் சிவப்பு ஒயின் குடிக்கிறதைப் பார்த்து, ரத்தம் குடிக்கிறான்னு ஊரே பேசிச்சாம்! கடைசியில ஆலைத் தலைவர் ஓதாகா தன் மகளையே முதல் ஆளா சேர்த்தார்.

அந்த ஆலை பெருசா லாபம் பார்க்கலை. அங்க பழகின பொண்ணுங்க ஊர் திரும்பி மத்தவங்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க, எனக்கு முக்கியமாப் படுறது அதுதான். நகானோ மலைப்பகுதியில சுவா ஏரிப்பக்கத்து ஆளுங்க இரும்புக்குப் பதில் மரம், உலோகத் தொட்டிக்குப் பதில் மண்தொட்டி, எஞ்சினுக்குப் பதில் நீர்ச்சக்கரம்னு மலிவா செஞ்சுக்கிட்டாங்க.

கேள்வியாளர்: சேலத்து_மாணவன்

நன்றி அண்ணா. ஆனா நடவு நேரத்துல புழுவையும் எப்படிப் பார்த்தாங்க?

பதில்: தருமபுரி_பட்டுநூல்

நல்லாக் கேட்டீங்க. அங்க முன்னாடி வசந்தகால வளர்ப்புதான் பிரதானம். மலைப்பாறை இடுக்குல கோடையிலும் குளிர்காற்று வீசுற இடங்கள்ல பட்டுப்புழு முட்டை ஒட்டின அட்டையை வச்சாங்க. பொரியறது தள்ளிப்போகும். நடவு முடிஞ்சதும் எடுத்துப் பொரிய வச்சா கோடையிலும் இலையுதிர் காலத்துலயும் இன்னும் ரெண்டு வளர்ப்பு கிடைக்கும். அதே வீடு, அதே ஆளுங்க, ஆனா நெல்லும் குறையலை. 1909 வாக்குல கச்சாப்பட்டு ஏற்றுமதியில சீனாவையே தாண்டிட்டாங்க.

நெல் பக்கமும் சும்மா இல்லை. விதையை உப்புத்தண்ணியில போட்டு மிதக்கிற பதரைக் கழிக்கிறது, 'ஷின்ரிகி'ன்னு நல்ல விளைச்சல் ரகம், வடக்குத் தீவான ஹொக்கைதோவிலிருந்து மீன் உரம். பெரிய பண்ணை எதுவும் வரலை, துண்டு நிலத்துலயே உழைப்பையும் உரத்தையும் கூட்டினாங்க.

பதில்: பழைய_வாத்தியார்

1880-களில் மத்சுகாதா நிதியமைச்சராக இருந்து பணப்புழக்கத்தை இறுக்கியதையும் அதனால் நெல் விலை சரிந்ததையும் எழுதுங்கள். வரித்தொகை அப்படியே நின்றது. எத்தனையோ பேர் நிலத்தை விட்டுக் குத்தகைக்காரர் ஆனார்கள்.

பதில்: தருமபுரி_பட்டுநூல்

ஆமாங்கய்யா, அந்த வீட்டுப் பொண்ணுங்கதான் நோமுகிங்கிற மலைக்கணவாய்ப் பனியைத் தாண்டி சுவா ஆலைக்கு நடந்தாங்க. தொமியோகாவுல ஆரம்பத்துல நாளைக்கு எட்டு மணிநேரத்துக்குக் கிட்ட வேலை, ஞாயிறு லீவு. சுவாவுல பன்னெண்டு மணிநேரத்துக்கு மேல. முன்பணத்தை அப்பன் வாங்கிட்டதால பொண்ணு பாதியில திரும்ப முடியாது.

நூல் எடுத்து மிஞ்சின புழுவை அங்க வயலுக்கு உரமாவும் கெண்டைமீனுக்குத் தீனியாவும் போட்டாங்க. எங்ககிட்ட கோழித்தீவனத்துக்கு மூட்டையா வாங்கிட்டுப் போறாங்க. அந்த நாத்தத்தோட சாயங்காலம் பஸ் ஏறினா, பக்கத்து சீட்டு காலியாவே இருக்கும்.