கார் கண்ணாடியில் வெளியே ஐஸ், உள்ளே ஆவி: பனிக்கால அனுபவங்களைப் பகிருங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

கனடாவில் முதல் விண்டரில் கார் ஓட்டப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். போன கிழமை காலையில் ஒரு பிளாசா பார்க்கிங்கில் நம் பையன் ஒருவர் புறப்படத் தயாராக இருந்தார். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. முகத்துக்கு நேரே மட்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டியிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற நேரம், எனக்கு மனம் கேட்கவில்லை. கதவைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, முழுக்கச் சுரண்டிப்போட்டுப் போங்கோ" என்றேன். "வேலைக்கு நேரமாச்சு அண்ணை" என்றார். காருக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து காட்டினேன். அந்த ஓட்டைக்கு நேரே வந்தபோது மட்டும்தான் அவருக்கு நான் தெரிந்திருக்கிறேன். உடனே இறங்கிவிட்டார். இருவருமாகத் துப்புரவாக்கினோம்.

நிறைய ஸ்நோ கொட்டியிருந்தால் முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். அது அடைபட்டிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுகூட எஞ்சினைச் சூடாக்க வேண்டாம். அப்புறம் கண்ணாடிமேல் சூடான காற்றை அடிக்கும் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தி, சூட்டையும் காற்றையும் கூட்டிவிட்டு வெளியே இறங்குங்கள். ஹீட்டருக்கு வேண்டிய சூடு எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற திரவத்திலிருந்து வருவதால் அது ஏறச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் கூரையில் கிடப்பதைத் தள்ளிவிடலாம். விட்டுவைத்தால் முதல் பிரேக்கிலேயே அத்தனையும் முன் கண்ணாடியில் சரிந்து விழும்.

வைப்பர் உறைந்து ஒட்டியிருக்கும்போது அதை ஓடவிடாதீர்கள். ரப்பர் கிழியும், மோட்டாரும் போகலாம். இரவு காரை நிறுத்தும்போதே வைப்பரை அணைத்துவிடுவது நல்லது. கொதிநீர் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் திடீரென்று விரிந்தால் வெடித்துவிடும், சின்னக் கீறல் ஏற்கெனவே இருந்தால் சொல்லவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்ப்ரே போத்தலில் வைத்திருக்கிறேன். 2013 டிசம்பரில் டொராண்டோவை உறைமழை (விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைகிற மழை) மூடி, பல வீடுகளில் மின்சாரமே இல்லாமல் போனபோது கைகொடுத்தது அதுதான். உறைமழை ஐஸ் ஸ்நோவைப் போல உதிராது, இறுக ஒட்டிக்கொள்ளும். அதை அவசரப்பட்டுக் குத்தாதீர்கள். உள்ளிருந்து சூடேறி விளிம்பு இளகியபிறகு சுரண்டினால் தகடாகவே வரும்.

எட்மன்டனிலிருந்து:

அண்ணா சொன்ன அத்தனையும் சரி. இங்கே மைனஸ் 30-ல் கண்ணாடியின் உள்பக்கமும் உறைந்துவிடும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் படலம். காரணம் நம் மூச்சும், பூட்ஸில் ஒட்டிவந்து காலடியில் விரித்திருக்கும் மேட்டில் (கால்மிதி) உருகிய ஸ்நோவும்தான். ஆகவே ஏறுமுன் பூட்ஸைத் தட்டுங்கள், மேட்டை அவ்வப்போது வீட்டுக்குள் கொண்டுபோய்க் காயவையுங்கள்.

புதிதாக வருகிற பலர் சீக்கிரம் சூடாகட்டும் என்று உள்காற்றையே சுற்றவிடுகிறார்கள். அந்த ஈரமும் உள்ளேயே சுற்றும், கண்ணாடி தெளியாது. வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அதைச் சூடாக்கினால் நன்றாக வறண்டு, கண்ணாடியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர் அவ்வளவு கடுமையாக இல்லாத நாளில் ஏசியையும் சேர்த்துப் போடலாம். அது காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிரித்துவிடும். கடுங்குளிரில் பல கார்களில் ஏசி கம்ப்ரசர் ஓடாது, அப்போது வெளிக்காற்றுதான் ஒரே வழி.

இன்னொன்று, கண்ணாடி கழுவும் திரவம். மைனஸ் 40 என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கோடையில் ஊற்றியது மிச்சமிருந்தால் தீர்த்துவிடுங்கள். ஹைவேயில் எனக்கு முன்னால் போன கார் ஒன்று கண்ணாடியில் அதைத் தெளித்ததும் தள்ளாடி ஓரம் கட்டியது. நானும் நிறுத்திப் போய்ப் பார்த்தேன். தெளித்தது அப்படியே உறைந்து, ஓட்டி வந்த அம்மாவுக்கு எதிரே ஒன்றுமே தெரியவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி சூடேறும் முன் தெளிக்கவே கூடாது.

உதகையிலிருந்து:

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். உங்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கேயும் ஜனவரியில் உறைபனி உண்டு. தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். வானம் தெளிந்த ராத்திரிகளில்தான் இது அதிகம். திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஷெட்டுக்குள்ளோ மரத்தடியிலோ நிறுத்தினால் பெரும்பாலும் படியாது. இடம் கிடைக்காத நாளில் கண்ணாடிமேல் அட்டைப்பெட்டியை விரித்து வைப்பரால் அழுத்திவிடுவேன். காலையில் அட்டையை எடுத்தால் வேலை முடிந்தது.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் லாட்ஜில் வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றப் போவார்கள். "சார், பத்து நிமிஷம் பொறுங்க, வெயில் வந்துடும்" என்று சொல்லித் தடுப்பேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மூடுகிற ஆவி வேறு. ஏசியைக் கூடுதலாக வைத்து, வெளியே புழுக்கமாக இருந்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் மூடும். அதற்கு வைப்பர் போதும், ஏசி குளிரையும் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

லண்டனிலிருந்து:

ஒரு சந்தேகம். என் காரில் எவ்வளவு துடைத்தாலும் உள்ளே பிசுபிசுப்பாகவே ஆவி படிகிறது. லேசாக இனிப்பு வாசனையும் வருகிறது. கண்ணாடி அழுக்குதானா?

ஸ்காபரோவிலிருந்து:

அந்த வாசனை இருந்தால் அழுக்காக இருக்காது, தங்கச்சி. ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட் கசிகிறது போலிருக்கிறது. முன் இருக்கைப் பக்க மேட்டைத் தூக்கி, அடியில் ஈரமா பாருங்கள். எஞ்சின் ஆறியபிறகு கூலன்ட் அளவையும் பாருங்கள். குறைந்திருந்தால் நாளைக்கே மெக்கானிக்கிடம் விடுங்கள். கூலன்ட் நஞ்சு, பிள்ளைகள் கைபடாமல் மேட்டைக் கழுவிவிடுங்கள்.