காவிரி மஹ்சீர (ஆத்துல வளர்ற பெரிய மீன்) நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா? அனுபவத்த சொல்லுங்க

பானஸ்வாடிக்காரன்: ஆபீஸ் கேங்கோட கர்நாடகாவுல காவிரிக்கரையில இருக்குற பீமேஸ்வரி போயிருந்தோம். பரிசல் ஓட்டுன அண்ணன் முன்னாடி தூண்டில் கேம்ப்ல கைடா இருந்தவராம், நல்லா தமிழ் பேசுறாரு, அதனால பேச்சு ஓடுச்சு. ராகிக் களிய உருட்டி கொக்கில மாட்டி ஓட்டத்துல விடுவாங்களாம், மீன் கவ்வுச்சுன்னா வெள்ளைக்காரன் தூண்டில் ராட புடிச்சுக்கிட்டு பாறை பாறையா ஓடுவானாம் இவங்க பரிசல்ல பின்னாடியே போவாங்களாம், எடை போட்டு போட்டோ எடுத்துட்டு மறுபடி ஆத்துலயே விட்டுடறது. தாடையில பல்லே கிடையாது தம்பி, தொண்டைக்குள்ளதான் பல்லு, நண்ட அப்படியே முழுங்கி அங்க வச்சு நொறுக்கிடும்னாரு. 1946ல காவிரியோட துணையாறு கபினில 120 பவுண்டுல ஒண்ணு மாட்டிருக்கு, கிட்டத்தட்ட 54 கிலோ! நாங்க பார்த்தது அந்தளவு இல்ல, ஆனா பரிசலுக்கு அடியில பெருசா ரெண்டு மூணு போச்சு. அப்போ மீன் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அழியுதுன்னு கத்துறாங்க?

வால்_பாரு: ப்ரோ, வால் என்ன கலர்ல இருந்துச்சு?

பானஸ்வாடிக்காரன்: நீலம் கலந்த சாம்பல் மாதிரி.

வால்_பாரு: அதான் மேட்டரே. காவிரிக்கே உரியது திமில் வச்ச மஹ்சீர், துடுப்பும் வாலும் ஆரஞ்சு. உலகத்துல வேற எந்த ஆத்துப் படுகையிலயும் கிடையாது. நீங்க பார்த்தது நீலத்துடுப்பு மஹ்சீரா இருக்கும், லோனாவாலால டாடா பவர் பண்ணையில குஞ்சு பொரிச்சு நாடு பூரா அனுப்புனாங்களே அந்த வகை, காவிரிலயும் நல்ல எண்ணத்துலதான் கொண்டாந்து விட்டாங்க. காவிரிக்கரையில இருந்த காலிபோர் தூண்டில் கேம்ப்ல 1998லேருந்து 2012 வரைக்கும் புடிச்சு விட்ட கணக்கு நோட்ட ஆராய்ச்சி பண்ணவங்க எடுத்துப் பார்த்தா நீலம் ஏறிக்கிட்டே போகுது, திமில் குறைஞ்சுக்கிட்டே வருது. இதுல கூத்து என்னன்னா திமில் மீனுக்கு சரியான அறிவியல் பேரே 2018லதான் உறுதியாச்சு, டோர் ரெமாதேவி. அதே வருஷம் ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியல்ல அழிவோட விளிம்புல இருக்குற மீன்னு போட்டாங்க, நீலத்துக்கு கவலை இல்லைன்னு போட்டாங்க. மொத்தமா மஹ்சீர்னு எண்ணுனா ஆறு நிறைய மீன் இருக்கத்தான் செய்யும்.

ஒகேனக்கல்_மருமகன்: எங்க மாமனார் ஊரு அங்கதான். அந்தக் காலத்துல தோட்டா வெடிச்சா பெருசு சிறுசு எல்லாம் மொத்தமா மிதக்கும்னு சொல்வாரு. தூண்டில் போடக்கூடாதுன்னு தடை வந்து கேம்ப மூடுனதும் ராத்திரி ஆத்தப் பார்த்துக்க ஆளு இல்லாம போச்சுன்னு அவருக்கு ஒரு வருத்தம். தூண்டில தடை பண்ணது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் குழப்பம்தான்.

வால்_பாரு: எனக்கும் அதே டவுட்டு இருக்கு சார், ஆனா தடை இருக்குற வரைக்கும் தடைதான், யாரும் ராட எடுத்துட்டு போயிடாதீங்க. மிச்சம் இருக்குற திமில் மீன் பெரும்பாலும் காவிரிப் படுகையச் சேர்ந்த மோயாத்துப் பக்கம்தான். புலிக்காட்டுக்குள்ள ஓடுற ஆறு, நம்ம வீக்கெண்ட் கூட்டம் அங்க போக முடியாது.